பிறந்ததையே குற்றமாக்கிய சட்டம்

பாலக்காட்டுப் பக்கம் தென்னையில் கள் இறக்குகிறவர் ஒரு தொழிலாளி. அவருக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, நலநிதி வாரியம் இருக்கிறது. வாளையார் சோதனைச் சாவடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து அதே மாதிரி ஒரு தென்னையில் கலயத்தைக் கட்டினால் அவர்மேல் வழக்குப் பாயும். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, முந்தின நாள்வரை ஒருவருக்குப் பிழைப்பாக இருந்த வேலை மறுநாள் காலையில் குற்றமாகிவிட்டது. 1971இல் கடைகளைத் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், அப்புறம் மறுபடி திறந்தார்கள், 1987இலிருந்து கள்ளுக்குத் தடை, 2003இலிருந்து அரசே டாஸ்மாக்கில் பாட்டில் விற்கிறது. இத்தனை காலத்தில் மரமும் அதேதான், ஏறுகிற ஆளும் அதே ஆள்தான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், குற்றம் என்பது மலை மாதிரி இயற்கையில் தானாக இருக்கிற ஒன்று என்றும், சட்டம் அதைக் கண்டுபிடித்துத் தண்டிக்க மட்டும் செய்கிறது என்றும்தான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதைக் குற்றம் என்று எழுதுவது, யார்மேல் எழுதுவது என்பதையெல்லாம் முடிவு செய்கிற இடத்தில் யாரோ சிலர் எப்போதும் உட்கார்ந்திருக்கிறார்கள். கள் விஷயத்திலாவது ஒரு செயல் இருக்கிறது. செய்தால் குற்றம், செய்யாவிட்டால் இல்லை. எதுவுமே செய்யாமல், ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஆளைக் குற்றவாளி ஆக்கிய சட்டம் ஒன்று நம் நாட்டில் எழுபது எண்பது வருடம் நடைமுறையில் இருந்தது. மதுரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பாட்டி தாத்தா சொல்லிக் கேட்ட கதை. மற்றவர்கள் பலருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டம்.

1871இல் வெள்ளைக்கார அரசு இதை முதலில் வட இந்தியாவில் கொண்டுவந்தது. அவர்கள் வைத்த வாதம் ரொம்ப எளிமையானது. இந்தியாவில் எல்லாத் தொழிலும் சாதிவழி வருகிறது, தச்சன் பிள்ளை தச்சன், நெசவாளி பிள்ளை நெசவாளி, அப்படியானால் திருடுவதும் சில சாதிகளுக்குப் பரம்பரைத் தொழிலாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இதே காற்றுதான் அடித்தது. 1876இல் இத்தாலியில் லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்து பார்த்து, குற்றவாளிகள் பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறார்கள் என்று எழுதினார். அது அன்றைக்கு அறிவியல். அங்கே தனி மனிதனின் மண்டையை அளந்தார்கள், இங்கே சாதி சாதியாக எழுதிக்கொண்டார்கள்.

அந்த 1871 சட்டத்தின் இரண்டாம் பகுதியைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. அது வடக்கில் இருந்த திருநங்கைகளைப் பற்றியது. அவர்களுக்குத் தனிப் பதிவேடு. பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவர் பெண் உடையோ நகையோ அணிந்து தெருவில் தென்பட்டால், பொது இடத்தில் ஆடினால், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். இரண்டு வருடம் வரை சிறை. சேலை கட்டியதற்கு! 2014இல் திருநங்கையரை மூன்றாம் பாலினமாக ஏற்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்தப் பழைய சட்டத்தையும் குறிப்பிட்டுத்தான் பேசியது. திருட்டுக்கும் சேலைக்கும் ஒரே சட்டம் எப்படிப் போட்டார்கள் என்றால், அவர்களுடைய கவலை திருட்டு மட்டும் இல்லை. ஒரு இடத்தில் நிற்காமல் அலைகிறவர்கள், வரி கட்டாதவர்கள், குடும்பம் என்ற சட்டகத்துக்குள் வராதவர்கள், கணக்கில் அகப்படாதவர்கள் எல்லோருமே அந்த அரசுக்கு உறுத்தல்தான்.

சென்னை மாகாணத்துக்கு இந்தச் சட்டம் 1911இல் வந்தது. 1924இல் இன்னும் இறுக்கினார்கள். ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் அந்த அறிவிப்பு சரியா தப்பா என்று எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. பட்டியலில் உள்ளவர் சில குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழு வருடத்துக்குக் குறையாமல் சிறை, மூன்றாம் முறை என்றால் ஆயுளுக்கும் நாடுகடத்தல். பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்ச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம் என்று ஒரு பிரிவு. அதில் ஆறு வயது தாண்டியதெல்லாம் அடக்கம்.

உசிலம்பட்டி வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் இதில் எப்படி மாட்டினார்கள் என்பது தனிக் கதை. பழைய காலத்தில் ஊர்க்காவல் என்ற ஏற்பாடு இருந்தது. ஒரு ஊருக்குக் காவல் இருக்கிறவர்களுக்கு அந்த ஊர் கூலியாகத் தானியமோ பணமோ கொடுக்கும். மாடு களவு போனால் கண்டுபிடித்துக் கொடுப்பதும், முடியாவிட்டால் ஈடு கொடுப்பதும் காவல்காரர் பொறுப்பு. களவு போனதற்குத் துப்புச் சொன்னால் துப்புக்கூலி. இதில் அநியாயமே நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். காவல் கூலி கொடுக்காத ஊரில் மாடு காணாமல் போவதும் நடந்திருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஏற்பாடாக அது இருந்தது, அதற்குள் பேசித் தீர்க்க வழியும் இருந்தது. கும்பினி அரசு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தக் காவலைச் செல்லாது என்று ஆக்கிவிட்டுத் தன் போலீஸைக் கொண்டுவந்தது. காவலுக்குக் கூலி வாங்குவது மிரட்டிப் பணம் பறிப்பது என்று ஆனது. நிலமோ மானாவாரி. 1895இல் முல்லைப் பெரியாறு தண்ணீர் வந்து மதுரை, மேலூர்ப் பக்கம் வயலெல்லாம் பச்சையானபோது உசிலம்பட்டிக் கரிசல் வானத்தைப் பார்த்தபடியே கிடந்தது. 58 கிராமக் கால்வாய்க்காக அந்தப் பக்கத்து மக்கள் எத்தனை பத்தாண்டு போராடினார்கள் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

1914இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் தொடங்கி, 1918க்குள் பிரமலைக் கள்ளர் மொத்தப் பேரையும் பட்டியலில் சேர்த்தார்கள். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றும், கிரிமினல் டிரைப்ஸ் ஆக்ட் என்பதைச் சுருக்கி சி.டி. ஆக்ட் என்றும் சொன்னார்கள்.

அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வயது வந்த ஆண்கள் பத்து விரலையும் மையில் தோய்த்து உருட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு சிலருக்கு இரவு 11 மணியிலிருந்து விடியும்வரை காவல் நிலையத்திலோ அவர்கள் காட்டிய பொது இடத்திலோ போய்ப் படுக்கவேண்டிய கட்டாயம். பெயர் கூப்பிடும்போது பதில் சொல்ல வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். சீட்டில் உங்கள் பெயர், அப்பா பெயர், உடம்பில் அடையாளம், எந்த ஊருக்குப் போகிறீர்கள், எதற்கு, எப்போது திரும்புவீர்கள் எல்லாம் இருக்கும். கிராம முன்சீப் கையெழுத்துப் போட வேண்டும், போன ஊரில் அங்கே உள்ளவரிடமும் காட்ட வேண்டும். கமலை கட்டித் தண்ணீர் இறைக்கிறவன் கோழி கூவுமுன் கிணற்றடியில் நிற்க வேண்டும், அவன் கச்சேரியில், அதாவது காவல் நிலையத்தில் படுத்துக் கிடக்கிறான். சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவன் இருட்டோடு கிளம்ப வேண்டும், அவனும் அங்கேதான் கிடக்கிறான். வீட்டில் நிறைமாதக்காரி, கல்யாணம் முடிந்த முதல் ராத்திரி, இழவு வீடு, எதுவாக இருந்தாலும் பெயர் கூப்பிடும்போது ஆள் இருந்தாக வேண்டும். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையைக் கச்சேரிக்குக் கூட்டிப்போன கதையை அந்தப் பக்கம் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இந்தக் கைரேகை விஷயம் தற்செயலானது இல்லை. உலகத்தின் ஆரம்பகாலக் கைரேகைப் பிரிவுகளில் ஒன்று 1897இல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. அதற்கான வகைப்படுத்தும் முறையைக் கட்டியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குத்தான் போனது. ஆளை ஆள் என்று நம்பாத ஒரு அரசுக்கு விரல் நுனி தேவைப்பட்டது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர். அதிகாலையில் போலீஸ் படை வந்து ஊரைச் சுற்றி நிற்கிறது. ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் சொல்லிவிட்டது. நாங்கள் விவசாயம் செய்கிறோம், எங்கள்மேல் என்ன குற்றம் இருக்கிறது, எதற்கு ரேகை என்பதுதான் அவர்கள் கேள்வி. பேச்சு முற்றி, கல்லும் கம்புமாக மாறி, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. 16 பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி மாயக்காள், அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் கோத்துத் திருமங்கலம்வரை நடத்திக் கூட்டிப்போனார்கள். ஜாலியன் வாலாபாக் நடந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அது நம் பாடப்புத்தகங்களில் இருக்கிற அளவுக்கு இது இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு எப்போதும் உண்டு.

அவர்களுக்காக வாதாட வந்தவர் ஜார்ஜ் ஜோசப், கேரளத்துக்காரர், மதுரையில் பாரிஸ்டர். காசு பார்க்காமல் வழக்கு நடத்தினார், பத்திரிகையில் எழுதினார். அந்த மக்கள் அவரை ரோசாப்பூத் துரை என்று கூப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள். தெற்கே ஆப்பநாட்டு மறவர்மேல் இந்தச் சட்டம் பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் எதிர்த்துத் திரட்டினார். ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி போன்ற பொதுவுடைமைக்காரர்களும் இதற்கு எதிராக நின்றார்கள். கடைசியில் 1947 ஜூனில் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. நாடு முழுக்க ரத்தாக 1952 ஆகஸ்ட் 31 வரை ஆனது, அதாவது சுதந்திரம் வந்தும் ஐந்து வருடம்.

இதுவரை சொன்னதில் வெள்ளைக்காரன் கெட்டவன், நாம் பாவப்பட்டவர்கள் என்று கதையை முடித்துக்கொள்வது சுலபம். என் மனம் அதோடு நிற்பதில்லை. சட்டம் லண்டனில் படித்தவன் எழுதியதாக இருக்கலாம். ராதாரிச் சீட்டில் கையெழுத்துப் போட்டது யார்? நம் ஊர் முன்சீப். இன்னார் இன்ன சாதி, இன்னார் நடத்தை சரியில்லை என்று சொன்னது யார்? பக்கத்து வீட்டுக்காரன், பெரிய பண்ணைக்காரன். 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் கள்ளர் காவலே வேண்டாம் என்று ஊர்கள் சேர்ந்து பணம் வசூலித்துப் பண்டு வைத்து அவர்களை விரட்டினார்கள், வீடுகள் எரிந்தன. அந்த ஊர்க்காரர்களுக்கும் நியாயமான கோபம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிலர்மேல் உள்ள கோபம், பிறக்கப்போகிற குழந்தைவரை சேர்த்துப் பட்டியலில் எழுதுகிற சட்டத்துக்குத் தோள் கொடுத்தது. ஒரு தாசில்தாரும் நாலு போலீஸ்காரரும் மட்டும் இருந்து அந்தச் சட்டத்தை ஒரு மாதம்கூட ஓட்டியிருக்க முடியாது. அது ஓடியது ஊர் ஒத்துழைத்ததால்.

ஆதாயம் பார்த்தவர்களும் இருந்தார்கள். குறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஆந்திரப் பக்கம் எருகுலர் என்பார்கள். பொதி மாட்டில் கடற்கரையிலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் விற்று, அங்கிருந்து தானியம் ஏற்றி வருகிற வியாபாரிகள் அவர்கள். ரயில் வந்தது, உப்பு அரசு கைக்குள் போனது, பிழைப்பு போனது. பிழைப்புப் போனவன் அலைந்தான், அலைந்தவனைக் குற்றப் பரம்பரை என்றார்கள். பாபட்லா பக்கம் ஸ்டூவர்ட்புரம் என்று ஒரு குடியேற்றத்தை இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்தியது, அரசு அதிகாரி ஹரால்ட் ஸ்டூவர்ட் பெயரில். அங்கே அடைத்து வைக்கப்பட்டவர்கள் சீராலா புகையிலைக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத, ஓடிப்போனால் போலீஸே பிடித்துக்கொண்டு வந்து விடுகிற தொழிலாளர்கள் கிடைத்தால் எந்த முதலாளிக்குக் கசக்கும்?

ஹோவர்ட் பெக்கர் என்று ஒரு அமெரிக்கச் சமூகவியலாளர் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார். ஒருவன் விதிமீறியவன் ஆவது அவன் செய்த செயலின் குணத்தால் இல்லை, மற்றவர்கள் விதி போட்டு அதை அவன்மேல் ஒட்டுவதால் என்பது அவர் சொன்னதன் சாரம். கல்லூரியில் சமூகவியல் எடுத்தவர்களுக்கு இது முதல் செமஸ்டர் பாடம். பாடத்தில் படிக்கும்போது கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். உசிலம்பட்டியை வைத்துப் படித்தால் உடனே புரியும். ராத்திரி முழுக்கக் கச்சேரியில் கிடந்தவனுக்கு எந்தப் பண்ணையில் வேலை கொடுப்பார்கள்? சீட்டு இல்லாமல் பக்கத்து ஊர் அறுப்புக்குப் போனதற்காகவே ஒருவன் தண்டனை வாங்குகிறான். அந்தத் தண்டனையும் கணக்கில் ஏறுகிறது. கணக்கைப் பார்த்த அதிகாரி, பார்த்தீர்களா இந்தச் சாதியில் இத்தனை தண்டனை, நாங்கள் சொன்னது சரிதான் என்று மேலே எழுதுகிறார். பட்டியல் தனக்கான சாட்சியைத் தானே தயார் பண்ணிக்கொள்கிறது.

சட்டம் போன பிறகு என்ன ஆனது? 1948இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. இது சாதியை எழுதவில்லை, முன்பு தண்டனை பெற்ற தனி மனிதர்களை எழுதியது. முன்னேற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாருக்கு முன் தண்டனை அதிகம் இருக்கும்? முப்பது நாற்பது வருடம் எழுதிக் குவித்த பழைய நோட்டு அதே ஸ்டேஷன் பீரோவில்தானே இருந்தது. சீர்மரபினர் என்று அரசு பெயர் கொடுத்து, தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1979இல் சீர்மரபுப் பழங்குடி என்று இருந்ததை வெறும் சமூகம் என்று ஒரு அரசாணை மாற்றியதால் எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பது தனிப் பதிவாக எழுத வேண்டியது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்னும் நடக்கின்றன. 2024இல் நீதிபதி சந்துரு குழு பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம் என்று பரிந்துரைத்தபோது அந்த மக்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. ரத்தம் சிந்தி வாங்கிய பள்ளி, பெயரை அழித்தால் வரலாறும் அழியும் என்றார்கள். சீரமைப்பு என்ற சொல்லே அவமானம் என்கிறவர்களும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள், எந்தப் பக்கத்தையும் லேசாகத் தள்ள முடியாது.

குறவர்களுக்கு அந்தப் பழைய நோட்டு இன்னும் மூடப்படவே இல்லை. 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியை ஒரு நகைத் திருட்டுக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்தே கொன்றுவிட்டு, தப்பி ஓடிவிட்டான் என்று எழுதினார்கள். மனைவி பார்வதி உயர் நீதிமன்றம்வரை போய் நின்றதால்தான் உண்மை வெளியே வந்தது, போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைக்க 2006 ஆனது. எங்கேயாவது நகை காணோம் என்றால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் போகிறது என்று இன்றைக்கும் பாருங்கள். வங்கியில் கோடிக்கணக்கில் கடன் வாங்கி ஏமாற்றியவரின் உறவுக்காரர்கள் வீட்டு வாசலில் ராத்திரி 2 மணிக்கு யாரும் கதவைத் தட்டுவதில்லை. அவர் சாதியைப் பற்றி எந்தப் பேப்பரும் எழுதுவதில்லை.

போலீஸை மட்டும் சொல்லி என்ன? 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் போன 65 வயது அம்மா ஒருவர், வழி கேட்க நிறுத்திய இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் அந்த வாரம் முழுக்கச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடி அடித்தே கொன்றது. அடித்தவர்கள் யாரும் தொழில்முறை ரவுடிகள் இல்லை. தன் பிள்ளையைக் காப்பாற்றுவதாக உண்மையிலேயே நம்பியவர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

எங்கள் குடியிருப்பிலும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. பாசிமணி, ஊசி, சீப்பு விற்கிற இரண்டு நரிக்குறவப் பெண்கள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பின்னாலிருந்து எடுத்த படம். கீழே, "நோட்டம் பார்க்க வந்திருக்காங்க, எல்லாரும் உஷார்." பத்து நிமிடத்தில் இருபது கட்டைவிரல். அவர்கள் என்ன எடுத்தார்கள், யார் வீட்டில் என்ன போனது என்று நான் கேட்டேன். எதுவும் போகவில்லை. எதுவுமே போகாமல் ஒரு குற்றம் எச்சரிக்கையாகிவிட்டது. வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது, ஸ்கேலால் கோடு போட்டு, பெயர், போன் நம்பர், எந்த வீடு, எதற்கு, வந்த நேரம், போன நேரம் என்று கட்டம் கட்டியது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காக்கள், சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள், வடநாட்டுப் பெயிண்டர்கள் எல்லோரும் எழுத வேண்டும், சிலரிடம் ஆதார் நகலும் கேட்கிறார்கள். காரில் வருகிறவர்களுக்கு வாட்ச்மேன் அண்ணன் எழுந்து கேட்டைத் திறந்து விடுவார், நோட்டு மேசையிலேயே இருக்கும். ராதாரிச் சீட்டில் இருந்த கட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த நோட்டில் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் இருக்கின்றன. 1996இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும் பத்து வருடம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடக்க விடவில்லை. யாரும் மனுப் போடக் கூடாது, போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006இல்தான் நடந்தது. ரேகை வைக்கமாட்டேன் என்று துப்பாக்கிக்கு நெஞ்சைக் காட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொருவர் நாற்காலியில் உட்காருவதையே ஊர்க் குற்றமாகப் பார்த்தார்கள். ஊர்க் கட்டுப்பாடும் ஒரு சட்டம்தான். வேறு சாதியில் கல்யாணம் செய்ததற்காகப் பெற்ற பிள்ளையையே வெட்டுகிற குடும்பங்கள் இந்த மாநிலத்தில் எல்லா வட்டாரத்திலும் இருக்கின்றன. அரசின் ஏட்டில் கொன்றவன் குற்றவாளி, தெருவின் ஏட்டில் காதலித்தவள் குற்றவாளி. எந்த ஏடு பலமானது என்று பார்க்க, வழக்கில் எத்தனை சாட்சிகள் பிறழ்சாட்சி ஆகிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

2024 நம்பிக்கை தருகிற வருடமாக இருந்தது, எனக்காவது. மே மாதம் ஒரு டெல்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்தங்கிய சமூகத்தில் பிறந்த காரணத்துக்காக மட்டும் அப்பாவிகளின் பெயரை ஹிஸ்டரி ஷீட்டில், அதாவது போலீஸ் கண்காணிக்கிறவர்களுக்கு வைக்கிற பதிவேட்டில், இயந்திரத்தனமாக ஏற்றுவதைப் பற்றிக் கேள்வி கேட்டு, எல்லா மாநிலங்களையும் இதைக் கவனிக்கச் சொன்னது. அக்டோபர் 3ஆம் தேதி, சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பதும் அடைப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்பளித்தது. பாளையங்கோட்டைச் சிறையும் அதில் பேசப்பட்டது. சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் காட்டும் சிறை விதிகள் ரத்து, சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டமே இருக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். இந்தப் பக்கம், 2022இல் வந்த சட்டம் ஒன்று கைரேகை, கருவிழி என்று அளவுகளை எடுத்து 75 வருடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அது எந்தச் சட்டத்தின் இடத்தில் வந்தது தெரியுமா? 1920ஆம் வருடத்துக் கைதிகள் அடையாளச் சட்டத்தின் இடத்தில். பெருங்காமநல்லூர் நடந்த அதே வருடம்.

ஹிஸ்டரி ஷீட்டில் பெயர் இருக்கிற யாராவது இதைப் படித்தால், அது நீடிப்பதற்கு அதிகாரி காரணம் எழுத வேண்டும் என்பதையும், உயர் நீதிமன்றம் போய்ப் பெயரை நீக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தகுதி இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டு இலவசமாக வக்கீல் பெறலாம். எங்கள் குடியிருப்பில் அடுத்த ஞாயிறு மாதக் கூட்டம். வாட்ச்மேன் நோட்டு வேண்டுமென்றால் காரில் வருகிறவர்கள், நான், என் சொந்தக்காரர்கள், சங்கச் செயலாளர் சொந்தக்காரர்கள் உட்பட எல்லோரும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம், முன்பின் தெரியாதவர்கள் படத்தைக் குழுவில் போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை மூன்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.